துண்டுக்குள் ஒரு கை

மலை வந்து மாரப்பனின் கையைப் பிடித்தபோது அவர் புளிசாதத்தைப் பாதி மென்றபடி இருந்தார். பிடித்தது மலைதான் என்பதில் அவருக்கு அப்போதும் சந்தேகம் வரவில்லை, பிற்பாடும் வரவில்லை, ஏனென்றால் ஆயுசில் பாதியைக் காங்கேயத்துப் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கடியில் கைகொடுத்தே கழித்த மனுசனுக்கு, விரல் பட்ட மாத்திரத்தில் எதிராளி வாங்க வந்தவனா வேடிக்கை பார்க்க வந்தவனா என்று தெரிந்துவிடும்; இந்தக் கையோ கிணற்றடிக் கருங்கல்லைப் போலச் சில்லிட்டு இருந்தது, அவசரமே இல்லாமல் இருந்தது, வாங்குவதற்கென்றே வந்திருந்தது.

அத்தனை தூரம் வடக்கே அவர்கள் போனதற்குச் சர்க்கரை வியாதிதான் காரணம். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று விடிகாலையில் குளக்கரையைச் சுற்ற ஆரம்பித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து, பிறகு சேர்ந்து நடந்து, சங்கமாகி, சங்கத்துக்கு வெள்ளைத் தொப்பி வாங்கி, குளக்கரை சலித்துச் சிவன்மலைப் படியேறி, படியும் சலித்து, ரிட்டையரான விலங்கியல் டீச்சர் இந்திராணி ஸ்பித்திப் பள்ளத்தாக்கில் மாசி மாசத்துப் பனியில் பனிச்சிறுத்தை இறங்கிவரும் என்று சொன்ன வாயை மூடுவதற்குள், மாரப்பன் தன்னுடைய தீவனக்கடை வேனைக் கழுவி, சீட் மாட்டி, மச்சினன் அர்த்தநாரியை ஸ்டியரிங்கில் உட்கார வைத்துவிட்டார். அர்த்தநாரி அந்தக் காலத்தில் வடநாட்டு லாரி ஓட்டினவன். இந்தி தெரியும், பனிரோடு தெரியும், எந்த ஊர் பங்க்கில் டீசலில் மண்ணெண்ணெய் கலப்பான் என்று மோந்தே சொல்வான். கல்யாணம் காட்சி இல்லாமல் அக்கா பூவாயி வீட்டோடு இருந்தவன்; மாமன் திட்டினால் சிரிப்பான், திட்டாவிட்டால் உடம்புக்கு என்னங் மாமா என்று கேட்பான்.

மாரப்பன் திட்டாத நாள் கிடையாது. அவருக்குக் கோபம் என்பது மூக்குக்கும் மேலே, நெற்றியில் இருந்தது. அதைவிடப் பேரம் பெரிசாக இருந்தது. போகிற வழியெல்லாம் சப்பாத்திக்குப் பேரம், குல்லாய்க்குப் பேரம், இந்தி தெரியாமலே விரலைக் காட்டிக் காட்டிக் குறைத்தார், பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். எதையும் மட்டமாகச் சொன்னால்தான் மலிவாகக் கிடைக்கும் என்று அடிபட்டுப் படித்தவர். அந்தப் படிப்பு வீட்டுக்குள்ளும் அப்படியே இருந்தது.

ரோடு ஆற்றை விட்டு மேலே ஏறி, ஒரு பக்கம் பாறையும் மறு பக்கம் ஒன்றுமில்லாததுமாக ஆனபோது, ஒரு வளைவில் பின்சக்கரம் பனிக்கட்டியில் வழுக்கி விளிம்பு வரைக்கும் போய் நின்றது. அர்த்தநாரி பூனை நடப்பதுபோல வண்டியை மெல்ல உள்ளே இழுத்து நிறுத்திய பிறகு, பயத்தில் வெலவெலத்துப் போன மாரப்பன் இறங்கி, பயத்தைக் காட்டத் தெரியாமல் கோபத்தைக் காட்டினார். எதிரே ஆகாசம் வரைக்கும் நின்ற மலையைப் பார்த்தபடி அர்த்தநாரியைத் தொண்டை கிழியத் திட்டினார்.

"தண்டச்சோறு! உன்னய எவனாச்சும் கேட்டான்னா சும்மாவே புடிச்சுக் குடுத்துருவேன்."

அதற்கு முன்னால் மாவு மில் குப்பண்ணன் தும்மினது எதிரொலித்தது, கதவு சாத்தினது எதிரொலித்தது, பூவாயி முருகா என்றதுகூட மூன்று மலை தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. மாரப்பன் சொன்னது மட்டும் திரும்பவில்லை. டீச்சர் அதைக் கவனித்தார். பள்ளத்தாக்கின் அமைப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மலை அந்த வார்த்தையை வைத்துக்கொண்டது.

அவர்கள் தங்கிய ஊர் வெள்ளைச் சுவரும் மண் கூரையுமாக, கூரைமேல் விறகு அடுக்கி, பாறையின் மடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரி யங்சென் இவர்களுக்கு வரட்டி அடுப்பைச் சுற்றிப் படுக்கை போட்டுக் கொடுத்தாள், வெண்ணெய் போட்ட உப்புத் தேநீர் கொடுத்தாள், அதைச் சங்கத்தில் அர்த்தநாரி தவிர யாரும் முழுசாகக் குடிக்கவில்லை. தினமும் காலையில் ஏறினார்கள். மூச்சு முட்டியது, தொப்பிக்குள் காது கல்லானது. நீல ஆடுகள் மந்தையாக நின்று இவர்களை வேடிக்கை பார்த்தன, நரி ஒன்று குறுக்கே போனது, பிணந்தின்னிக் கழுகு தலைக்குமேல் வட்டமிட்டு வட்டமிட்டு இவர்களில் யார் முதல் என்று யோசிப்பதுபோலப் பறந்தது. சிறுத்தையின் காலடி இருந்தது, மூத்திர வாசம் பாறையில் இருந்தது, சிறுத்தை இல்லை. நாளைக்குக் கிளம்ப வேண்டும் என்ற கட்டத்தில், மத்தியானம் கட்டுச்சோற்றைப் பிரித்து உட்கார்ந்திருந்தபோது, இவ்வளவு தூரம் வந்து ஆட்டைப் பார்த்துவிட்டுப் போவதா என்று மாரப்பனுக்கு ஆத்திரம் பொங்கியது. தோளில் கிடந்த துண்டை உதறிக் கைமேல் போட்டுக்கொண்டு, கையை மலைக்கு நேரே நீட்டினார்.

"காட்டறதுக்கு என்ன வேணும், சொல்லு. பேசிக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டைக் கைமேல் போடுவார்கள், எதிராளி உள்ளே கைவிட்டு விரலைப் பிடிப்பான், ஒரு விரலென்றால் ஒன்று, முழுக்கை என்றால் ஐந்து, அது நூறிலா ஆயிரத்திலா என்பதை மட்டும் கை கொடுப்பதற்கு முன்னமே வாய்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும். சங்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அதனால் துண்டு உப்பியதையும், உள்ளே ஏதோ அசைந்ததையும், மாரப்பனின் தாடை மெல்லுவதை நிறுத்தியதையும் பார்த்தபோது சிரிப்பு ஒவ்வொன்றாக அணைந்தது.

அது முழுக்கையையும் பிடித்தது. மாரப்பன் என்ன ஏது என்று யோசிக்கவில்லை, யோசிக்க அவருடைய கை விடவில்லை. ஐந்தா, கொள்ளை என்று உதறி ஒரு விரலைக் கொடுத்தது, அது நான்கைப் பிடித்தது, இது மறுபடி உதறியது, அது மூன்றுக்கு வந்தது, இரண்டுக்கு வந்தது, கடைசியில் அவருடைய சுட்டுவிரலை மட்டும் பற்றிக்கொண்டு நின்றது. ஐந்தில் ஆரம்பித்ததை ஒன்றுக்கு இறக்கின பெருமையோடு மாரப்பன் துண்டை உருவித் தோளில் போட்டார். பேரம் முடிந்தது.

அடுத்த நிமிசம் சிறுத்தை வந்தது. எதிர்ச் சரிவில் ஒரு பாறை பாறையாக இருந்ததை விட்டுவிட்டு எழுந்து, வாலை உடம்பைவிட நீளமாக நீட்டிச் சோம்பல் முறித்து, இவர்கள் கல்லெறிந்தால் படும் தூரத்துக்கு இறங்கிவந்து உட்கார்ந்தது. டீச்சர் அழுதார். குப்பண்ணன் செல்போனைத் தலைகீழாகப் பிடித்துப் படமெடுத்தார். சிறுத்தை யாரையும் பயமுறுத்தவில்லை. வெளிறிய கண்ணால் ஒவ்வொருவரையும் காலிலிருந்து தலைவரை, பல்லிலிருந்து முதுகுவரை, நிதானமாகப் பார்த்தது. அந்தப் பார்வையை மாரப்பன் சந்தையில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒன்று என்று ஒத்துக்கொண்டோமே, என்னத்தில் ஒன்று என்று கேட்கவில்லையே.

கீழே வந்து யங்சென்னிடம் அர்த்தநாரி இந்தியில் சொன்னபோது அவள் ரொட்டி தட்டுவதை நிறுத்தவில்லை. இங்கேயும் மலை வாங்கும் என்றாள். அவளுடைய மாமனார் காலத்தில் ஒரு கழுதை வாங்கியது, அதற்கு முன்னால் ஒரு தட்டாரை வாங்கியது. இது நல்ல மலை, திருடாது, பேசித்தான் எடுக்கும், எடுக்கப்போகிறதன்மேல் அடையாளம் வைக்கும், அதற்குப் பிறகு மேலே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். சூப்பில் உப்புப் போதுமா என்று கேட்டாள்.

சங்கத்துக்காரர்கள் இதை நம்பினார்களா இல்லையா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து அவர்கள் பேசியதைக் கேட்ட மாரப்பனுக்கு, தான் தலைகீழான ஒரு சந்தைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. சந்தையில் மாட்டுக்காரன் குறையை மறைப்பான், சொத்தைப் பல்லுக்குக் கதை சொல்வான், கெட்ட சுழியைச் சாயம் பூசி மூடுவான். இங்கே குப்பண்ணன் தனக்கு வலது முழங்கால் தேய்ந்து மூன்று வருசமாகிறது என்று சுவரைப் பார்த்து உரக்கச் சொன்னார். அவர் சம்சாரம் தனக்குக் கர்ப்பப்பையை எடுத்தாயிற்று என்றாள். டீச்சர் தனக்கு ஒரு கண்ணில் புரை, மற்றதில் ஆரம்பம் என்றார். இதயத்தில் ஸ்டென்ட், காதில் சீழ், கல்லடைப்பு, தைராய்டு என்று ஒருவர் மிச்சமில்லாமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, வெளியே நிற்கும் மலைக்குக் கேட்கிற மாதிரி தங்களை மட்டப்படுத்திக்கொண்டார்கள். அர்த்தநாரி மட்டும் தனக்கு ஒன்றுமில்லை, கடவுள் புண்ணியத்தில் கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று சொல்லிச் சிரித்து, எல்லோருடைய மிச்சத் தேநீரையும் வாங்கிக் குடித்தான்.

விடிந்தபோது அடையாளம் அவன் முதுகில் இருந்தது. ஸ்வெட்டரின்மேல், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, சிறுத்தையின் பாதம் அளவுக்கு உறைபனி படிந்திருந்தது. பூவாயி தட்டிப் பார்த்தாள், போகவில்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்தாள், கரையவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றினால் சட்டைமேல் இருந்தது, சட்டையைக் கழற்றினால் தோலின்மேல் இருந்தது.

பிறகு எல்லோரும் அவனிடம் ரொம்ப அன்பாக இருந்தார்கள். குப்பண்ணன் ஊரிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த அதிரசத்தை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் தன் கம்பளி மப்ளரை அவன் கழுத்தில் கட்டிவிட்டார். அதுவரைக்கும் டிரைவரே என்று கூப்பிட்டவர்கள் தம்பி என்றார்கள், நெற்றியில் விபூதி வைத்துவிட்டார்கள், தலை சீவிவிட்டார்கள், கெடா வெட்டுக்கு முந்தின நாள் கிடாய்க்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்பவர்களின் பிரியம் அவர்கள் கண்ணில் இருந்தது. மூட்டைகளை ஏற்றியபோது வேன் கிளம்பவில்லை. அர்த்தநாரி சாவியைத் திருகினான், பானட்டைத் திறந்து வெந்நீர் ஊற்றினான், ஒன்றும் ஆகவில்லை. டீசல் உறைந்திருக்கும் என்று கீழே இறங்கி டேங்க்குக்கு அடியில் குனிந்தான். அவன் இறங்கிய நொடியில், யாரும் தொடாமல், இன்ஜின் தானாக ஓட ஆரம்பித்தது. அவன் ஏறினான், நின்றது. இறங்கினான், ஓடியது.

பிறகு குப்பண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, நானும் கொஞ்சம் ஓட்டுவேன், லைசென்ஸ் இருக்கிறது என்றார்.

தோளிலிருந்த துண்டு கீழே விழ, மாரப்பன் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். அறைவதற்குக் கையை ஓங்கியும் விட்டார். ஆனால் ஓங்கிய கையின் சுட்டுவிரல் இன்னமும் சில்லென்று இருந்தது. அதைப் பார்த்ததும் ஓங்கிய கை தானாக இறங்கிற்று. சும்மாவே கொடுக்கிறேன் என்றவர் அவர்தான். மலை சும்மா வாங்கவில்லை, கேட்ட சரக்கைக் கேட்ட நேரத்துக்குக் காட்டிவிட்டுத்தான் எடுக்கிறது. சந்தை நியாயப்படி மலையின்மேல் குற்றம் சொல்ல ஒரு சொல்லும் அவரிடம் இல்லை.

பூவாயி அழுதுகொண்டு வரவில்லை. புருசனுக்கு முன்னால் வந்து நின்று, கீழே விழுந்து கிடந்த துண்டை எடுத்துப் பனியை உதறி, அவர் தோளில் போட்டாள்.

"ஊரான் மாட்டுக்கெல்லாம் வாய் வலிக்க நல்லது சொல்லி வித்துக் குடுத்தீங்க. எந்தம்பிக்கு ஒருக்கா நல்ல வார்த்தை பேசிட்டு வாங்க."

மாமனும் மச்சினனும் மலையேறினார்கள். வழியெல்லாம் மாரப்பனுக்கு முன்னால் அந்த முதுகும் அதில் பனிப்பாதமும் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு வளைவிலும் அது கொஞ்சம் பெரிசாகியது. அர்த்தநாரி மாமனுக்கு வழுக்கும் என்று ஒவ்வொரு கல்லையும் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு நகர்ந்தான். மாமா, ஊர்ல டயர் மாத்தறதுக்கு முன்னாடி பின்சக்கரத்து நட்டைப் பாருங்க, ஒண்ணு லூசு, என்று சொன்னான். காற்று இல்லை. கழுகும் இல்லை. நேற்றுச் சோறு சாப்பிட்ட இடத்தில், சிந்திய பருக்கைகள்கூட அப்படியே உறைந்து கிடக்க, மலை காத்துக்கொண்டிருந்தது.

மாரப்பன் துண்டைப் போட்டுக் கையை நீட்டினார். உள்ளே அது வந்து பற்றியது.

அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தால் பேரம் முறியும், கயிறு கைமாறும் வரைக்கும் அதற்கு இடமுண்டு, அது எல்லாச் சந்தைக்கும் பொது என்று அவர் சொன்னார். நீ காட்டினாய், நாங்கள் பார்த்தோம். பார்த்ததை நீயே எடுத்துக்கொள், எல்லோர் சார்பிலும் நான் தரகன் சொல்கிறேன். விரல்கள் கொஞ்ச நேரம் அசையாமல் யோசித்தன. பிறகு கண்ணுக்குள்ளிருந்து ஏதோ உருவப்பட்டதுபோல இருந்தது. அந்த வெளிறிய கண்ணையும் நீண்ட வாலையும் மாரப்பன் அதற்குப் பிறகு எவ்வளவு முயன்றும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

ஆனால் கை விடவில்லை. வாங்கும் ஆசை போகவில்லை. அது மறுபடியும் அவருடைய சுட்டுவிரலைப் பற்றி, என்ன விலை என்று கேட்டது.

கொடுக்க மாட்டேன் என்று சொல்லக் கூடாது என்பது மாரப்பனுக்குத் தெரியும். விற்க மனமில்லாதவன் சந்தைக்கு வந்தால் வாங்குகிறவன் இழுத்துக்கொண்டு போவான். பேச வேண்டும். அதனால் வாழ்நாளில் முதல் தடவையாக அவர் தன் வீட்டுச் சரக்கை உயர்த்திப் பேச ஆரம்பித்தார். இவன் ஓட்டினால் டம்ளர் தண்ணீர் தளும்பாது, கேட்டுக்கொள். எனக்கு மஞ்சக்காமாலை வந்து கிடந்தபோது கீழாநெல்லி தேடி இரண்டு ஊர் தாண்டி நடந்தவன். சந்தையில் எனக்கு விழ வேண்டிய அடியைக் குறுக்கே வந்து வாங்கினவன், வாங்கிவிட்டுக் கை வலிக்குதாங்ணா என்று அடித்தவனைக் கேட்டவன். என் பூவாயிக்கு வயிற்றில் தங்காமல் போனது ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் மாட்டுக்குத் தண்ணி காட்டினவன். ஒரு விரலா? போ.

அது இரண்டைப் பிடித்தது. அவர் உதறினார். மூன்றைப் பிடித்தது. அர்த்தநாரி தள்ளி நின்று, யாரைப் பற்றிப் பேசுகிறார் மாமா என்பதுபோல வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். மலை முழுக்கையையும் பிடித்தது, விட்டு மறுபடி பிடித்தது, மறுபடியும், ஐந்துகளின்மேல் ஐந்தாக அடுக்கியது, காலுக்கடியில் பாறை முனகியது, தூரத்தில் எங்கேயோ பனி சரிந்து விழுந்தது. மாரப்பன் கட்டுபடியாகாது, கட்டுபடியாகாது என்று தலையாட்டினார். அப்படியே, துண்டை எடுக்காமல், அந்தக் கையை விடாமல், பின்பக்கமாக ஓரடி வைத்தார். துண்டை எடுத்தால்தானே பேரம் முடியும். எடுக்காத வரைக்கும் விற்றதும் இல்லை, விற்காததும் இல்லை. இன்னும் ஓரடி வைத்தார். மலையின் கை துண்டுக்குள் பேரம் பேசிக்கொண்டே அவரோடு இறங்கி வந்தது.

வேன் கிளம்பியது. அர்த்தநாரிதான் ஓட்டினான், முதுகில் ஈரம் மட்டும் இருந்தது. எல்லோர் செல்போனிலும் வெறும் பாறை இருந்ததைப் பார்த்துவிட்டு, நாங்கள் பார்த்ததைத் திருப்பிக் கொடுக்க இவர் யார் என்று குப்பண்ணன் டெல்லி வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

ஊர் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தது, பிறகு பழகிக்கொண்டது. மாரப்பன் தீவனக்கடைக் கல்லாவில் வலதுகைமேல் துண்டோடு உட்கார்ந்திருப்பார், இடதுகையால் ஸ்பூனில் சாப்பிடுவார், தையற்காரர் அவருக்குக் கைநெடுகப் பொத்தான் வைத்த சட்டை தைத்தார். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, இரண்டு ஓடுகிறது, ஒன்று ரொம்ப மெதுவு என்று சொல்லி ஃபீஸ் வாங்காமல் அனுப்பினார். சித்திரை வெயிலில் பால்காரிகள் கேனை அவர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள், அம்மன் கோயில் நோன்புக்கு மோர்ப்பானையை அவர் மடியருகே வைத்துக் குளிர்வித்தார்கள். பூவாயி படுக்கும்போது துண்டின் இரண்டு ஓரத்தையும் அவர் மணிக்கட்டோடு நாடாவால் கட்டினாள், முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். இவருக்கு அப்புறம் துண்டை யார் பிடிப்பார்கள் என்று குளக்கரையில் யாரோ ஒருநாள் கேட்டார்கள். அன்றைக்குச் சங்கம் ஒரு சுற்றோடு கலைந்தது.

ஆடி மாசம் ஒரு மத்தியானம், புண்ணாக்கு மூட்டை இறக்கிவிட்டு வேனைப் பின்னால் எடுத்த அர்த்தநாரி, புதிதாகக் கட்டி அன்றுதான் சுண்ணாம்பு அடித்திருந்த கடைத்தூணில் கொண்டுபோய் இடித்தான். தூண் விரிந்தது, வேனின் பின்கண்ணாடி கலகலவென்று கொட்டியது. மாரப்பன் எழுந்துவிட்டார். முகம் கறுத்துவிட்டது. அந்தப் பழைய வார்த்தை அடித்தொண்டையிலிருந்து கிளம்பி நாக்குநுனிக்கு வந்து நின்றது.

துண்டுக்குள் விரல்கள் அசைவதை நிறுத்தின.

கடைவீதியும் நின்றது. டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அந்தரத்தில் நிறுத்தினார். எதிர்க்கடையில் பூவாயி எண்ணெய்ப் பாத்திரத்தோடு அப்படியே நின்றாள். ஒரு ஊரே காதைத் தீட்டிக்கொண்டு அந்த மனுசனுடைய வாயைப் பார்த்தது, துண்டுக்குள் இருப்பதும் பார்த்தது. மாரப்பன் வார்த்தையை விழுங்கினார். அது முள்ளாக இறங்குவது கழுத்தில் தெரிந்தது.

"அடி கிடி பட்டுச்சா மாப்ள?"

"இல்லீங் மாமா."

மாரப்பன் மெல்ல உட்கார்ந்தார். துண்டுக்குள் மலை மறுபடியும் ஒரு விரலிலிருந்து ஆரம்பித்தது.